வெள்ளிவீதியார் காட்டும் ஆறுதல்

காதற்பாட்டு என்றால் மாணவர் ஆவலோடு கேட்பர். ஆசிரியர் சற்றே தயக்கத்துடன் நடத்துவர். பெரியவர் சிலர் முகம் சுளிப்பர். அவ்வாறிருக்க, கல்லூரித் தமிழ்த்துறை மலரில் காதற்பாட்டு ஒன்றைப் பற்றி, அதிலும் கைகூடாத காதலின் துயரைப் பேசும் பாட்டைப் பற்றி நாம் எழுதப் புகுவது பொருந்துமா என்று சிலர் வினவக்கூடும். பொருந்தும் என்பதே நம் துணிபு. அதற்குரிய காரணத்தை ஒரு நிகழ்ச்சியிலிருந்து தொடங்கிச் சொல்லுவோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், இரண்டாமாண்டு மாணவன் ஒருவன் தொடர்ந்து இரண்டு வாரம் வகுப்புக்கு வரவில்லை. நன்றாகப் படிப்பவன், கவிதையும் எழுதுபவன். அவன் விரும்பிய பெண்ணுக்கு வளைகுடா நாட்டில் பணிபுரியும் ஒருவரோடு திருமணம் முடிவாகிவிட்டது என்று அவனுடைய நண்பர்கள் சொன்னார்கள். மூன்றாம் வாரம் கருங்கல் பேருந்து நிறுத்தத்தில் அவனைக் கண்டோம். தாடியும் கலைந்த தலையுமாக நின்றான். நாம் அவனைத் தனியே அழைத்துச் சென்று, "இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா? படிப்பைப் பார். நாலு மாதத்தில் எல்லாம் மறந்துபோகும்" என்று அறிவுரை கூறினோம். அவன் தலையசைத்தான். நம் கடமை முடிந்தது என்று எண்ணி வீடு திரும்பினோம்.

மறுவாரம் வகுப்பில் குறுந்தொகை 58ஆம் பாட்டை நடத்த வேண்டியிருந்தது. வெள்ளிவீதியார் என்னும் பெண்பாற் புலவர் பாடியது. பாட்டை விளக்கிக்கொண்டிருக்கும்போதே நமக்கு நாணமாக இருந்தது. அப்பாட்டில் வரும் அறிவுரையாளர் வேறு யாருமல்லர், நாமே என்பது அப்போதுதான் விளங்கிற்று.

வெண்ணெயும் பாறையும்

காதல் நோயால் மெலிந்த தலைவன் ஒருவன். அவனுடைய தோழர்கள் அவனை இடித்துரைக்கின்றனர். உன் பெருமைக்கு இது தகுமா என்கின்றனர். அவன் சினக்கவில்லை. உங்கள் சொல்லால் என் உடல் உருகுவதைத் தடுத்து நிறுத்த முடியுமானால் அதனினும் நல்லது வேறில்லை என்கிறான். பின்னர் தன் நிலைக்கு ஓர் உவமை சொல்கிறான். கடும் வெயிலில் காயும் பாறை. அதன்மேல் வைத்த வெண்ணெய். அதற்குக் காவலாக ஒருவன். அக்காவலனுக்குக் கைகள் இல்லை, வாயும் பேசாது, கண்கள் மட்டும் உண்டு. வெண்ணெய் உருகிப் பரவுவதைக் காண்கிறான். எடுத்து வைக்கக் கையில்லை. பிறரை அழைக்கக் குரலில்லை. அவ்வாறு என் நோயும் பரந்துவிட்டது, அதைத் தாங்குதல் அரிது என்கிறான்.

இவ்வுவமையின் நுட்பத்தை நம் ஊர் மாணவர்க்கு விரித்துரைக்கத் தேவையில்லை. ஊரின் பெயரே கருங்கல். சித்திரை மாத நண்பகலில் பாறையின்மேல் வெறுங்காலை வைத்தவர்க்கு அந்த வெப்பம் தெரியும்.

துயருற்றவன் தன் அழிவை அறியாதவன் அல்லன் என்பதே இப்பாட்டு உணர்த்தும் முதல் உண்மை. வெண்ணெய் உருகுவதை வேறு எவரினும் தெளிவாகக் கண்டுகொண்டிருப்பவன் அக்காவலனே. அவனிடம் சென்று, "பார், வெண்ணெய் உருகுகிறது" என்று சொல்லுவதால் என்ன பயன்? அவனுக்கு வேண்டுவது இரண்டு கைகளும் ஒரு குரலும். நாம் பேருந்து நிறுத்தத்தில் அம்மாணவனுக்குக் கொடுத்தது இன்னும் இரண்டு கண்கள் மட்டுமே.

இதே காட்சியைத் திருக்குர்ஆனின் 12ஆம் அத்தியாயமாகிய சூரத்து யூசுபிலும் காண்கிறோம். அருமை மகன் யூசுபை இழந்த யஃகூப் நபி (அலை) அவர்களின் கண்கள் துயரத்தால் வெளுத்துப்போயின. இப்படியே நினைத்துக்கொண்டிருந்தால் நீங்கள் நலிந்து அழிந்துவிடுவீர்கள் என்று மக்கள் இடித்துரைத்தனர். அதற்கு அவர்கள், தம் துயரை இறைவனிடமே முறையிடுவதாக விடையிறுத்தார்கள். அது காதலன் துயரன்று, தந்தையின் துயர். நபியின் பொறுமையும் ஒரு தலைவனின் கையறு நிலையும் ஒன்றல்ல. ஆயினும், அழகிய பொறுமை என்று அந்த அத்தியாயம் போற்றுவது கண்ணீரற்ற பொறுமையை அன்று என்பது நோக்கற்பாலது. இறைத்தூதரே அழுதிருக்க, இருபது வயது இளைஞன் அழுவதை இழிவென்று கூற நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

பாடியவர் யார்?

வெள்ளிவீதியார் பாடியனவாகச் சங்கத் தொகைகளில் 13 பாடல்கள் உள்ளன. குறுந்தொகையில் 8, நற்றிணையில் 3, அகநானூற்றில் 2. இவருடைய வாழ்க்கை பற்றி நமக்குக் கிடைக்கும் செய்தி ஒன்றே ஒன்று. அதுவும் மற்றொரு பெண்பாற் புலவரின் பாட்டில் பொதிந்து கிடக்கிறது. அகநானூறு 147ஆம் பாட்டில் ஔவையார், பிரிந்த தலைவனைத் தேடித் தானும் புறப்பட எண்ணும் தலைவியைக் காட்டுகிறார். அத்தலைவி, வெள்ளிவீதியைப் போல நானும் செல்லத் துணிந்தேன் என்கிறாள். இதிலிருந்து, வெள்ளிவீதியார் தம் காதலரை இழந்து அவரைத் தேடி அலைந்தவர் என்று அறிஞர் கொள்வர்.

இனி, வெள்ளிவீதியாரே அகநானூறு 45ஆம் பாட்டில் தமக்கு முன்னர் இவ்வாறு அலைந்த ஒருத்தியை நினைக்கிறார். அவள் ஆதிமந்தி, காவிரி வெள்ளத்தில் ஆட்டனத்தியை இழந்து கரையெல்லாம் தேடித் திரிந்தவள். அவள் பாடியதாகக் குறுந்தொகையில் 31ஆம் பாட்டு உள்ளது. ஆதிமந்தியை வெள்ளிவீதியார் நினைக்கிறார். வெள்ளிவீதியாரை ஔவையார் நினைக்கிறார். மூன்று பெண்கள், ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு நிற்பது போன்ற காட்சி இது. தன் துயரத்தின் நடுவே, எனக்கு முன்பும் ஒருத்தி இவ்வழியே நடந்தாள் என்று ஒருவர் நினைக்கும்போது அவருடைய தனிமை சிறிது குறைகிறது.

இந்த 58ஆம் பாட்டில் மற்றொரு வியப்பும் உண்டு. பாடியவர் பெண்; பாட்டில் பேசுபவனோ ஆண். 44ஆம் பாட்டில் பேசுபவள் ஒரு செவிலித்தாய். உடன்போக்கில் சென்றுவிட்ட மகளைப் பாலை வழியில் தேடுகிறாள். கால்கள் தளர்ந்தன, பார்த்துப் பார்த்துக் கண்கள் ஒளியிழந்தன, வானத்து மீனினும் மிகப் பலராக எதிர்ப்படுவோர் எல்லாரும் பிறராகவே இருக்கின்றனர். 130ஆம் பாட்டைத் தோழியின் கூற்றாகப் பழைய துறைக்குறிப்புக் கொள்கிறது. தம் துயரை வெள்ளிவீதியார் தலைவன் வாயிலும், தாய் வாயிலும், தோழி வாயிலும் வைத்துப் பார்த்திருக்கிறார். ஒரு பெண்ணின் இழப்பு, ஆணின் இழப்பையும் தாயின் இழப்பையும் உணரும் அளவுக்கு விரிந்திருக்கிறது. இழப்பிலிருந்து முன்னேறிச் செல்லுதல் என்று இன்று பலரும் பேசுகின்றனரே, அதன் தொடக்கம் இதுவே என்று நாம் கருதுகின்றோம். அவர் தம் துயரை விட்டு வெளியே ஓடவில்லை; அதனைக் கொண்டே பிறர் துயருக்குள் நுழைந்தார்.

பெயர் சுட்டாப் பெருமை

வெள்ளிவீதியாரின் காதலர் யார்? அவர் பெயர் என்ன? ஏன் பிரிந்தார்? இவ்வினாக்களுக்கு அவருடைய 13 பாடல்களிலும் விடை இல்லை. அகத்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டிக் கூறுதல் ஆகாது என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. ஆதிமந்தியும் வெள்ளிவீதியாரும் பெயர் கூறின் அது புறமாகிவிடும் என்று அஞ்சிக் கூறாது விட்டனர் என்று நச்சினார்க்கினியர் உரை வகுப்பார்.

இந்நெறியைத் தேர்வுக்குரிய விதியாக மட்டும் நாம் கற்பித்து வந்தோம். இன்று அதனை வாழ்க்கை அறமாகவும் கற்பிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. காதல் முறிந்த மறுநாளே அப்பெண்ணின் படத்தையும், அவள் நம்பி அனுப்பிய செய்திகளையும் கைப்பேசி வழியே ஊருக்கெல்லாம் பரப்பும் இளைஞர் சிலரைப் பற்றிக் கேள்விப்படுகிறோம். அன்பு இருந்த காலத்தில் இருவர்க்கு மட்டும் உரியதாயிருந்ததை, அன்பு போனபின் எல்லார்க்கும் உரியதாக்குவது நம்பிக்கைத் துரோகமாகும். இஸ்லாமும் பிறர் குறையை மறைப்பதைச் சிறந்த பண்பாகப் போற்றுகிறது. ஒருவரின் மறைவிடத்தைத் துருவுவதையும் புறம் பேசுவதையும் கடிந்து விலக்குகிறது. வெள்ளிவீதியார்க்குச் சினம் இருந்திருக்கலாம், இழப்பும் பெரிது. எனினும் அவர் தம் துயரை உலகறியப் பாடினார். காதலரை உலகறியக் காட்டிக்கொடுக்கவில்லை. இருநூறு தலைமுறை கடந்தாலும் அந்த மனிதரின் மானம் அவர் கையில் காவலாக இருக்கும்.

தேடலும் அதன் எல்லையும்

குறுந்தொகை 130ஆம் பாட்டு அளவிற் சிறியது; வலிமையிற் பெரியது. அவர் நிலத்தைத் தோண்டி உள்ளே புகுந்திருக்க முடியாது. வானத்தில் ஏறியிருக்க முடியாது. பெருங்கடலைக் காலால் நடந்து கடந்திருக்கவும் முடியாது. நாடு நாடாகவும் ஊர் ஊராகவும் குடி குடியாகவும் முறையாகத் தேடினால் நம் காதலர் அகப்படாமல் போய்விடுவாரோ? இதுவே பாட்டின் கருத்து. கலங்கிய தலைவியிடம், நான் தேடித் தருகிறேன், நீ வருந்தாதே என்று தோழி கூறும் உறுதிமொழி இது. 58ஆம் பாட்டின் நண்பர்கள் செய்யத் தவறியதை இங்கே தோழி செய்கிறாள். அவள் இடித்துரைக்கவில்லை, மற என்று சொல்லவில்லை. கையற்றவளுக்குக் கையாகவும், குரலற்றவளுக்குக் குரலாகவும் ஆகிறாள்.

ஆயினும், இப்பாட்டை நம் இளைஞர் தவறாகப் படித்துவிடக் கூடாது என்ற கவலையும் நமக்கு உண்டு. எங்கே போனாலும் விடமாட்டேன் என்ற பிடிவாதத்துக்கு இதனைச் சான்றாக்குவோர் இருக்கக்கூடும். மறுத்த பெண்ணைப் பின்தொடர்வதும், மிரட்டுவதும், அமிலம் வீசுவதும், உயிர் பறிப்பதும் செய்தித்தாளில் வரும் காலம் இது. அவற்றுக்கும் காதல் என்றே பெயர் சூட்டுகின்றனர். நம் இலக்கணம் அப்பெயரைத் தராது. தொல்காப்பியர் ஒருதலைக் காமமாகிய கைக்கிளையையும், பொருந்தாக் காமமாகிய பெருந்திணையையும் அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்தினார். இருவர் உள்ளமும் ஒத்தால்தான் அது அன்பின் திணை. 130ஆம் பாட்டில் தேடப்படுபவர் அன்பால் கட்டுண்டு, மீள்வேன் என்ற நம்பிக்கையைத் தந்து சென்றவர். வேண்டாம் என்று சொல்லிச் சென்றவரைத் தேட அகத்திணையில் இடமில்லை. மறுப்பைக் கேட்ட அளவிலே திரும்பி நடப்பவன் கோழை அல்லன், இலக்கணம் அறிந்தவன்.

காத்திருத்தலுக்கும் அளவுண்டு

எம் மாவட்டத்தார்க்குப் பிரிவு என்பது நூலிற் கற்கும் பொருள் அன்று. தேங்காய்ப்பட்டணத்திலும் குளச்சலிலும் தக்கலையிலும், பொருள்வயிற் பிரிந்து வளைகுடா சென்றவரின் கடிதத்துக்கும் பின்னர் தொலைபேசி அழைப்புக்கும் காத்திருந்த இல்லங்கள் பல. 2017ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் வீசியபோது, ஆழ்கடலுக்குச் சென்றிருந்த மீனவர் பலர் திரும்பவில்லை. அவர்களுள் பலருடைய உடலும் கரை சேரவில்லை. அவ்வாறு தந்தையை இழந்த மாணவி ஒருத்தி எம் வகுப்பில் இருந்தாள். 130ஆம் பாட்டில், கடலைக் காலால் நடந்து கடந்திருக்க முடியாது என்ற இடத்தை நாம் விளக்கியபோது அவள் தலை குனிந்தது. தேடினால் கிடைத்துவிடுவார் என்ற உறுதிமொழி அவளுக்குப் பொருந்தாது. கடலில் நாடு நாடாக, ஊர் ஊராகத் தேட வழியில்லை. பாட்டின் எல்லையை அன்று நாம் உணர்ந்தோம்.

பாட்டு காத்திருப்பை அழகாகப் பேசுகிறது. அது எங்கே முடியும் என்பதைப் பேசுவதில்லை. வெள்ளிவீதியார் தேடிச் சென்றார் என்று அறிகிறோம். பின்னர் எவ்வாறு வாழ்ந்தார் என்று ஒரு பாட்டும் சொல்லவில்லை. இது நம் அகப்பாடல் மரபின் குறை என்றே சொல்வோம். அக்குறையை வாழ்க்கை நெறிகளே நிரப்ப வேண்டும். கணவனை இழந்த பெண்ணுக்கு இத்தாக் காலத்தை நான்கு மாதமும் பத்து நாளும் என்று இஸ்லாம் வரையறுத்தது. அதன்பின் முறைப்படி புதுவாழ்வு தொடங்க அவளுக்குத் தடையில்லை. கணவன் இருக்கும் இடம் நான்கு ஆண்டுகளாகத் தெரியாதிருப்பின் மனைவி நீதிமன்றம் சென்று மணவிலக்குப் பெறலாம் என்று 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டமும் கூறுகிறது. துயரத்துக்கு எல்லை வகுக்க எவராலும் முடியாது. காத்திருத்தலுக்கு எல்லை வகுக்க முடியும். இவ்விரண்டையும் ஒன்றாக்கி, இன்னும் நினைக்கிறாளே என்றும், அதற்குள் மறந்துவிட்டாளே என்றும் இருபுறமும் பழிக்கும் ஊர்வாய்தான் துயருற்றோரைப் பெரிதும் வாட்டுகிறது. சமுதாயப் பெரியவர்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நினைவும் புதுவாழ்வும் ஒன்றுக்கொன்று பகை அல்ல என்பதற்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வே சான்று. அன்னை கதீஜா (ரலி) மறைந்த ஆண்டு துயர ஆண்டு என்றே வரலாற்றில் பெயர் பெற்றது. பின்னர் நபிகளார் மறுமணம் செய்தார்கள். ஆயினும், வீட்டில் ஆடு அறுக்கும்போதெல்லாம் அன்னை கதீஜாவின் தோழியர்க்கு அதில் ஒரு பங்கை அனுப்பி வந்தார்கள் என்று நபிமொழி நூல்கள் கூறுகின்றன. இதனினும் சிறந்த விளக்கம் இப்பொருளுக்கு உண்டோ? நினைவு, கண்ணீராக மட்டும் நின்றுவிடாமல் பிறர் இல்லத்து உணவாக மாறியது.

ஆறுதல் என்னும் சொல்

இவ்விடத்தில் நம் தாய்மொழியின் ஒரு சொல்லை நினைவுகூர்வோம். சூடான பாலை ஆற்றுகிறோம். புண் ஆறுகிறது. பசி ஆறுகிறது. நிழலில் இளைப்பாறுகிறோம். துயருற்றவரைத் தேற்றி ஆற்றுகிறோம். கடமையையும் ஆற்றுகிறோம். திருக்குறளின் 116ஆம் அதிகாரத்துக்குப் பிரிவாற்றாமை என்று பெயர். இவற்றுள் எதிலும் மறத்தல் என்ற பொருள் இல்லை. ஆறிய பால் பாலாகவே இருக்கிறது. குடிக்கத் தக்கதாகிறது, அவ்வளவே. ஆறிய புண் தழும்பை விட்டுச் செல்கிறது. மறந்துவிடு என்று நாம் அம்மாணவனுக்குச் சொன்னது தமிழ் மரபும் அன்று, மனித இயல்பும் அன்று.

கலித்தொகை 133ஆம் பாட்டில் நல்லந்துவனார் சில பண்புகளுக்கு இலக்கணம் வகுக்கிறார். அங்கே ஆற்றுதல் என்பதற்கு அவர் தரும் விளக்கம், அல்லலுற்றவர்க்கு உதவுதல் என்பதாகும். தன் துயரைத் தாங்கும் ஆற்றலும், பிறர் துயரைத் துடைக்கும் செயலும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருப்பது தமிழின் பேறு. தன் புண் ஆற வேண்டுமானால் பிறர் புண்ணுக்கு மருந்திடு என்பதே அதன் உட்பொருள் எனலாம். ஆதிமந்தி வெள்ளிவீதியார்க்கும், வெள்ளிவீதியார் ஔவையின் தலைவிக்கும் செய்தது இதுவே.

முடிவாக, அம்மாணவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். 58ஆம் பாட்டை நடத்தி முடித்த அன்று அவன் வகுப்பில் இருந்தான். எல்லாரும் சென்றபின் எம்மிடம் வந்து, "சார், அந்த நண்பர்கள் என்னதான் செய்திருக்கணும்?" என்று கேட்டான். நம்மிடம் விடை இல்லை. "உட்கார்" என்றோம். உட்கார்ந்தான். மாலை வரை அவன் பேசினான், நாம் கேட்டோம். அறிவுரை ஒன்றும் கூறவில்லை. அடுத்த நாளும் வந்தான். அதற்கடுத்த வாரம் விட்டுப்போன பாடங்களைக் கேட்டு எழுதிக்கொண்டான். அப்பெண்ணின் பெயரை அவன் ஒருமுறையும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. திருமணம் நடந்த நாளில் அவன் கல்லூரிக்கு வந்திருந்தான். இன்று அவன் ஒரு பள்ளியில் தமிழாசிரியன். சென்ற ஆண்டு எம்மைக் காண வந்தபோது, "நானும் இப்ப பசங்களை உட்காரச் சொல்லிக் கேக்குறேன் சார்" என்றான்.

மாணவச் செல்வங்களே, உங்கள் தோழன் ஒருவன் இவ்வாறு வாடி நிற்கக் கண்டால் அவனை எள்ளாதீர்கள், தனியே விடாதீர்கள், மறந்துவிடு என்று எளிதாகச் சொல்லிக் கடந்து போகாதீர்கள். அவன் தன் உயிரை வெறுத்துப் பேசினால் அதை விளையாட்டென்று எண்ணாமல், அப்பொழுதே ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள். ஆசிரியப் பெருமக்களே, அகப்பாட்டைத் தேர்வுக்காக மட்டும் நடத்திவிட்டு நகராதீர்கள். அதைக் கேட்டிருப்பவருள் ஒருவனுக்கு அது அன்றைய மருந்தாக இருக்கலாம். பெரியோர்களே, பிள்ளைகள் அழும்போது காரணம் கேட்பதற்கு முன் அருகில் அமருங்கள். வெயில் காயும் பாறையில் வெண்ணெய் உருகிக்கொண்டே இருக்கும். காவலனுக்குக் கையில்லை. நமக்கு இருக்கிறது.